துணைவஞ்சி பாடாத பாளையங்கள்

கரிசல் சீமை வரலாறு: பகுதி 17

1799ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மேஜர் பானர்மேன் நடத்திய படையெடுப்பின் முடிவில், பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்களும் கிழக்கிந்தியக் கும்பினியாரால் பறிமுதல் செய்யப்பட்டதும், கோட்டைகள் இடிக்கப்பட்டுக் குடிகளின் கையிலிருந்த துப்பாக்கியும் வேலும் ஈட்டியும் பறிக்கப்பட்டதும் சென்ற பகுதியில் கூறப்பட்டன. பாளையம் என்பது படைக்காவலையும் வரிவசூலையும் ஒருசேரக் கையில் வைத்திருந்த ஒரு சிற்றாட்சி; அதன் தலைவனுக்குப் படைவீரர் இருந்ததைப் போலவே புலவரும் பாணரும் கூத்தரும் இருந்தனர். அந்த வீரர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கும்பினி அலுவலர்களின் கடிதங்களிலிருந்து ஓரளவு நாள்வாரியாகவே அறிய முடிகிறது. புலவரும் பாடகரும் என்ன செய்தார்கள், போரை ஊக்கினார்களா, தடுத்தார்களா என்னும் கேள்வி வரலாற்று நூல்களில் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை என்பதால், நிகழ்ச்சிகளின் வரிசையைச் சற்றே நிறுத்தி இப்பகுதி அதனை எடுத்துக்கொள்கிறது.

இக்கேள்விக்கு விடை காண ஏழாயிரம்பண்ணையிலிருந்து பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. போரைத் தடுக்கப் பாடும் பாட்டுக்கெனத் தனியாக ஓர் இலக்கணப் பிரிவையே வகுத்துக்கொண்ட மொழி தமிழ். புறப்பாட்டுகளைப் பொருள்நோக்கில் பகுக்கும் சிறு பிரிவுகள் துறை எனப்படும். அவற்றுள் துணைவஞ்சி என்னும் துறை, பிறரை வெல்லவோ கொல்லவோ துணிந்து நிற்கும் மன்னனிடம் சென்று அவனைச் சந்து செய்வித்தலை, அதாவது சமாதானத்துக்கு இணங்கச் செய்தலைக் குறிக்கும். உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் இத்துறைக்குரியனவாகக் காட்டப்பட்ட பாடல்கள் மிகச் சில. துறைப்பெயர்களும், பாட்டு யாரால் எப்போது பாடப்பட்டது என்று கூறும் கொளுக்குறிப்புகளும் பாடல்களைத் தொகுத்தவர்கள் பிற்காலத்தில் சேர்த்தவை என்று அறிஞர் பலர் கருதுவதால் அவற்றை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை. எனினும், போரைத் தடுப்பது புலவன் தொழிலின் ஒரு கூறு என்று அத்தொகுப்பாளர்கள் எண்ணினார்கள் என்பதற்கு அவை ஐயமற்ற சான்றாகும்.

அச்சில பாடல்களின் நடுநாயகமாக நிற்பவர் கோவூர் கிழார். சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முள் பகைத்து, நலங்கிள்ளி முற்றுகையிட நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த காலத்தில் கோவூர் கிழார் இரண்டு பாடல்கள் பாடினார். ஆவூர்க் கோட்டையை முன்னிட்டுப் பாடிய பாட்டில் முற்றுகையின் உட்புறம் காட்டப்படுகிறது: குளத்தில் நீராடவும் நெய்யிட்ட சோற்றுக்கவளம் உண்ணவும் வழியின்றி, கட்டுத்தறியில் நின்று பெருமூச்செறியும் யானை, பாலின்றி அலறும் குழந்தை, பூவின்றி வெறுந்தலை முடியும் பெண், நீரின்றி வருந்தும் வீடு என்று துன்பம் ஒவ்வொன்றாக எண்ணப்படுகிறது. இவ்வளவுக்கும் பிறகு புலவர் சமாதானத்தை மட்டும் கேட்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. அறத்தை வேண்டினால் இது நின்னுடையது என்று சொல்லிக் கதவைத் திற, மறத்தை வேண்டினால் வெளியே வந்து போரிடு, இரண்டும் செய்யாமல் மதிலுக்குள் ஒடுங்கிக் கிடப்பதே நாணத்தக்கது என்கிறார். அதாவது, போர் என்பதே தீது என்னும் கொள்கையிலிருந்து அவர் பேசவில்லை. போருக்கு வெளியே இருப்போர் மேல் போர் ஏற்றும் சுமையைக் கணக்கிட்டுக் காட்டுகிறார்.

உறையூர் முற்றுகையின்போது பாடிய மற்றப் பாட்டு இதைவிடக் கூர்மையானது. சேரர்க்குப் பனம்பூவும் பாண்டியர்க்கு வேம்பும் சோழர்க்கு ஆத்தியும் குடிப்பூக்களாக இருந்த காலத்தில், முற்றியவன் கழுத்திலும் அடைத்திருந்தவன் கழுத்திலும் இருப்பது ஒரே ஆத்திமாலைதான் என்பதைச் சுட்டி, இருவருள் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே, இருவரும் வெல்வது இயற்கையில் இல்லை, இப்போரைக் கண்டு மகிழப்போகிறவர்கள் உங்களைப் போன்ற பிற வேந்தர்களே என்று அவர் வாதிடுகிறார். பாட்டின் வலிமை முழுவதும் அந்த ஒரே மாலையில் இருக்கிறது. இரு தரப்பாரும் ஒரு மொழியைப் பேசி, ஒரு குடிப்பூவைச் சூடி, ஒரே புலவனின் வாயால் தம் புகழ் பாடப்பட வேண்டும் என விரும்புகிறவர்களாக இருந்தாலன்றி இவ்வாதம் செல்லுபடியாகாது.

கோவூர் கிழாரின் முயற்சி நிலைத்த அமைதியைத் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெடுங்கிள்ளியைக் கொளுக்குறிப்பு ஒன்று காரியாற்றுத் துஞ்சியவன் என்று அழைக்கிறது; துஞ்சுதல் என்பது இங்கே இறத்தல். பகை தீரவில்லை என்பதற்கு இன்னொரு தடயம், இளந்தத்தன் என்னும் புலவனைப் பற்றிய பாட்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தனை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டபோது, பரிசிலை நாடிப் பறவைபோல் நெடுவழி சென்று, கிடைத்ததைச் சுற்றத்தோடு உண்டு, மிச்சம் வைக்காமல் கொடுத்து வாழும் புலவனின் வாழ்க்கையில் பிறர்க்குத் தீங்கு ஏது என்று கேட்டு அவனை மீட்டவரும் கோவூர் கிழாரே. பகைவர் இருவர்க்கிடையே போய்வரும் கலைஞன் முதலில் எதிர்கொள்ளும் குற்றச்சாட்டு ஒற்று என்பதற்குத் தமிழில் உள்ள மிகப் பழைய பதிவுகளுள் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். மலையமானின் சிறுபிள்ளைகளை யானைக்காலில் இடத் துணிந்த சோழன் கிள்ளிவளவனிடம், அப்பிள்ளைகள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, புதிய மன்றத்தைக் கண்டு மருண்டு நிற்பதைக் காட்டி அவர் தடுத்ததும் இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியதே. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து நெய் பூசப்பட்டுக் காவல் மனையில் புதுக்கருக்கு மாறாமல் கிடப்பதையும், அதியமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பாடியது பள்ளிப் பாடங்களில் சமாதானத் தூதாகவே கற்பிக்கப்படுகிறது. அது பாதி எச்சரிக்கை என்பதைப் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை.

இந்தப் புலவர்கள் எல்லோரும் வேறு இடங்களில் போர்க்களத்தையும் பகைநாட்டை எரித்த வீரத்தையும் மனமாரப் பாடியவர்கள். இதனை முரண் என்று ஒதுக்கினால் பொருள் நழுவிவிடும். மன்னன் நாடிய புகழைத் தரும் ஆற்றல் அவர்கள் கையில் இருந்ததால்தான், அதைத் தர மறுக்கும் அதிகாரமும் அவர்களிடம் இருந்தது. தன் மகன்களோடு போரிடப் புறப்பட்ட கோப்பெருஞ்சோழனிடம் புல்லாற்றூர் எயிற்றியனார், வென்றால் இந்த நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய், தோற்றால் உன் பகைவர் மகிழ மாட்டார்களா என்று கேட்க முடிந்ததும் அந்த உரிமையால்தான்.

இப்போது பாளையங்களுக்குத் திரும்பலாம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் பாளைய அரண்மனைகள் புலவர்களை ஆதரிக்காதவை அல்ல. எட்டயபுரம் ஒன்றே கடிகைமுத்துப் புலவரையும், அவரிடம் கற்ற உமறுப் புலவரையும் தமிழுக்குத் தந்தது. ஆயினும் அக்காலத்து அரண்மனைகளில் செழித்த நூல்வகைகள் காதல், விலாசம், தூது, பள்ளு, குறவஞ்சி போன்றவை. தலைவனின் உலாவையும் கொடையையும் காதலையும் பாடும் அவற்றின் கட்டமைப்பில் மன்னனை எதிர்த்து நின்று ஒரு சொல் சொல்வதற்கு இடமில்லை. துணைவஞ்சி இலக்கண நூல்களில் இருந்தது. அரண்மனைகளில் அதற்கு வழக்கு ஒழிந்திருந்தது.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையிலான எல்லைத் தகராறு, கோவூர் கிழார் பாணியில் ஒருவர் நடுவே நின்று பேசக்கூடிய தகராறு. இரு குடும்பங்களும் ஒரே மரபின, ஒரே வழக்கங்களைப் பேணியவை, ஒரே தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டவை. ஆனால் 1790களில் அந்தத் தகராறு தனித்து நிற்கவில்லை. வரிபாக்கி கேட்டு நின்ற கும்பினி, லண்டனிலுள்ள பங்குதாரர்களுக்குக் கணக்குச் சொல்லும் ஒரு வணிக நிறுவனம். புலவன் வாயால் கிடைக்கும் புகழை அது வேண்டவும் இல்லை, அவன் வசையை அஞ்சவும் இல்லை. அதன் கழுத்தில் சுட்டிக்காட்ட ஆத்திமாலை ஏதும் கிடையாது. ஏழாயிரம்பண்ணை போன்ற சிறு பாளையம் எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்த 1799ஆம் ஆண்டில், பாட்டால் தடுக்கப்படக்கூடிய எல்லையைப் போர் தாண்டிவிட்டிருந்தது.

அரண்மனைப் புலவர் பேசாத இடத்தில் ஊர்ப்பாடகர் பேசினார்கள். ஆனால் போர் முடிந்த பிறகு. கதைப்பாடல் என்பது ஒரு வீரனின் பிறப்பு முதல் இறப்பு வரையான கதையை இசையோடு நெடுநேரம் பாடும் வாய்மொழி வடிவம்; கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டாகவும், தெருவில் கும்மியாகவும், மேடையில் கூத்தாகவும் அது உருமாறும். கட்டபொம்மு கதைப்பாடலையும், கான்சாகிபு சண்டையையும் பேராசிரியர் நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழியே பதிப்பித்தபோதுதான் இவ்வடிவம் கல்விப்புலத்தின் மதிப்பைப் பெற்றது. மேலோட்டமாகப் பார்த்தால் இவை வீரத்தைக் கொண்டாடும் பாடல்களே. சற்று நின்று கேட்டால் இவ்வகைப் பாடல்கள் பலவற்றில் மீண்டும் மீண்டும் வரும் ஓர் உறுப்பு புலப்படும்: தலைவன் போருக்குப் புறப்படும் முன் மனைவியோ தாயோ தீக்கனவு கண்டு தடுப்பது, பூனை குறுக்கிடுவது, விளக்கு அணைவது போன்ற தீநிமித்தங்கள் தோன்றுவது, தலைவன் எதையும் கேளாமல் குதிரை ஏறுவது. செஞ்சித் தேசிங்கு கதையில் தெய்வமே இப்பணியைச் செய்கிறது. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்க்கப் புறப்பட்ட தேசிங்கு சிங்கவரம் அரங்கநாதரிடம் விடைகேட்டபோது, பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அப்பகுதியில் இன்றும் சொல்லப்படுகிறது.

இதனைப் போர் எதிர்ப்பு என்று கூறுவது மிகை. எனினும் இது வெறும் மரபுச் சடங்கும் அன்று. ஒரே போரில் இரு பக்கமும் நின்ற ஊர்கள் அடுத்தடுத்துக் கிடந்த சீமையில், கொடைக்குக் கொடை ஊர் மாறிப் பாடிப் பிழைத்த பாடகன் தலைவனின் வீரத்தை மறுக்கவும் முடியாது, அந்த வீரத்தால் தாலியிழந்த வீடுகளை மறந்து பாடவும் முடியாது. தடுக்கும் சொல்லைத் தன் வாயால் சொல்லாமல் பெண்ணின் கனவிலும் தெய்வத்தின் முகத்திலும் வைத்தது அவன் கண்ட வழி. போர் வேண்டாம் என்ற குரல் கதையில் எப்போதும் சரியாகவே இருக்கிறது, எப்போதும் தோற்கிறது; விடியும்வரை அமர்ந்து கேட்ட கூட்டத்துக்கு அது புரியாமல் போயிருக்காது.

பாடகர்கள் அவ்வாறு எண்ணியதற்கு அடிப்படையான காட்சிகள் கற்பனையல்ல. 1801ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய, கட்டபொம்முவின் தம்பி ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பி, மே 24 அன்று அது கர்னல் அக்னியூவின் படையிடம் வீழும்வரை எதிர்த்து நின்றார். அப்போரில் கும்பினிப் பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படை அலுவலர் 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், கோட்டை விழுந்தபின் பெண்கள் களத்தில் கிடந்த உடல்களுக்கிடையே தம்மவரைத் தேடியதையும், குற்றுயிராய்க் கிடந்த தன் மகனைக் கண்டெடுத்த ஒரு தாயிடம் அவன் தன்னை விட்டுவிட்டு அருகில் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி கேட்டதையும், பெண்கள் அவரைத் தூக்கிச் சென்று, துரத்தி வந்தவர்களிடம் அம்மை கண்ட உடல் என்று கூறித் திருப்பி அனுப்பியதையும் எழுதுகிறார். எதிரிப் படையைச் சேர்ந்தவர் எழுதிய இப்பகுதி, பாளையப் போர்களைப் பற்றிய ஆங்கிலப் பதிவுகளில் மனிதத் தன்மை மிகுந்தது. அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் குறிக்கவில்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் மறுகோடியில் ஓர் ஓவியர் செய்ததை இங்கே ஒப்பிடலாம். நெப்போலியனின் படைகள் ஸ்பெயினில் நடத்திய போரைக் கண்ட பிரான்சிஸ்கோ கோயா, 1810 முதல் 1820 வரை போரின் கேடுகள் என்னும் பொருளில் 82 செப்புத்தகட்டுச் சித்திரங்களைச் செதுக்கினார். வெற்றி பெற்றவனும் வீரனும் அவற்றில் பெரும்பாலும் இல்லை. வெட்டுண்ட உடல், மரத்தில் தொங்கும் பிணம், பசியால் விழுந்த பெண், இவையே மிகுதி. ஆனால் அவர் அரண்மனை ஓவியர்; நெப்போலியனின் அண்ணன் ஜோசப் ஸ்பெயினின் அரியணையில் இருந்தபோது அவரிடமிருந்து விருது பெற்றவர். அச்சித்திரங்கள் கோயா இறந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு, 1863இல்தான் நூலாக வெளிவந்தன. கரிசல் சீமைப் பாடகன் கனவுக்குள் ஒளித்ததைக் கோயா பெட்டிக்குள் வைத்தார் என்று கொள்ளலாம். ஆதரவு தந்தவன் முன்னிலையில் போரைப் பழிக்கும் உரிமை இருவருக்கும் இல்லை.

ஆயுதம் பறிக்கப்பட்ட சீமை அதன்பிறகு அமைதியாக இருந்தது என்று எண்ணுவதற்கில்லை. அரசர்களின் போர் ஓய்ந்த இடத்தில் சாதிகளின் போர் தலையெடுத்து, 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் கொலையும் கொள்ளையுமாக வெடித்தது. அக்கலவரங்கள் கும்மிகளிலும் சிந்துகளிலும் தத்தம் பக்கத்து வீரமாகவே நெடுங்காலம் பாடப்பட்டன. எந்தப் பக்கத்துக்கும் வழக்குரைக்காமல் அவற்றைத் திரும்பிப் பார்த்த பெருமுயற்சி, கோவில்பட்டி வட்டாரத்தைச் சேர்ந்த பூமணி 2012இல் வெளியிட்ட அஞ்ஞாடி நாவல்தான். இக்கலவரங்களின் வரலாறு இத்தொடரில் தனியே வரவிருப்பதால் இங்கு இவ்வளவு போதும்.

இருபதாம் நூற்றாண்டில் இச்சீமைக்கு வந்து சேர்ந்த புதிய கலைக்கருவி அச்சு. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதைத் தொடங்கியபின், தீப்பெட்டிக்கும் பிறகு பட்டாசுக்கும் வண்ண லேபிள் தேவைப்பட்டு, லித்தோ எனப்படும் கல்லச்சு இங்கே வேரூன்றியது. வழுவழுப்பாக்கிய கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, நீரும் எண்ணெயும் ஒட்டாத இயல்பைப் பயன்படுத்திப் படியெடுக்கும் முறை அது. லேபிளிலிருந்து காலண்டர் பிறந்தது. பாளையக்காரரின் துப்பாக்கிக்கு ஊட்டப்பட்ட வெடியுப்பும் கந்தகமும் கரித்தூளும் ஏழாயிரம்பண்ணைச் சுற்றுவட்டாரத்தில் இன்று தீபாவளிக்காக அரைக்கப்படுவது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அந்தக் கூடங்களில் நேரும் வெடிவிபத்துகளில் ஆண்டுதோறும் தொழிலாளர்கள் மடிவதை நினைத்தால் வேடிக்கை என்ற சொல்லும் பொருந்தவில்லை.

இதே கல்லச்சுதான் வேறு நாடுகளில் போர் எதிர்ப்பின் முதன்மைக் கருவியாக இருந்தது. முதல் உலகப்போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1914 அக்டோபரில், இளைய மகன் பீட்டரைக் களத்தில் பறிகொடுத்த ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ், மீண்டும் போர் வேண்டாம் என்னும் தம் சுவரொட்டியை 1924இல் கல்லச்சில்தான் வரைந்தார். கையை உயர்த்திய இளைஞன் ஒருவனின் உருவம் அது. 1949 ஏப்ரலில் பாரிசில் கூடிய உலக அமைதி மாநாட்டின் சுவரொட்டியில் இடம்பெற்ற பிக்காசோவின் வெண்புறாவும் லித்தோ படியே. சிவகாசி அச்சகங்களிலிருந்து அத்தகைய படம் ஒன்று பெயர்பெற்று எழவில்லை. கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் காலண்டர்களுக்கு வரைந்தவை பெரும்பாலும் தெய்வப்படங்கள். 1965ஆம் ஆண்டின் இந்திய-பாகிஸ்தான் போரை ஒட்டி லால் பகதூர் சாஸ்திரியின் ஜெய் ஜவான் ஜெய் கிசான் என்னும் முழக்கம் பரவியபோது துப்பாக்கி ஏந்திய வீரனும் கலப்பை ஏந்திய உழவனும் பாரதமாதாவின் இருபுறமும் காலண்டர்களில் வந்து நின்றார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. காலண்டர் என்பது கடைக்காரர் வாடிக்கையாளருக்கு இலவசமாகத் தருவது. யாரையும் உறுத்தாத படமே அதற்கு வேண்டும். திரைப்படமும் அவ்வழியே சென்றது; சீனப்போர் முடிந்த மறு ஆண்டே, 1963இல், இரத்தத் திலகம் வெளிவந்தது.

மாற்றுக்குரல் திருநெல்வேலியிலிருந்து எழுந்தது. தொ. மு. சி. ரகுநாதன் 1954இல் தொடங்கி 1956 வரை நடத்திய சாந்தி இதழ், அணுகுண்டைத் தடைசெய்யக் கோரி 1950 மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் விடுக்கப்பட்ட வேண்டுகோளும் அதையொட்டி உலகெங்கும் நடந்த கையெழுத்து இயக்கமும் உண்டாக்கிய காற்றில் பிறந்தது. இதழின் பெயரே அதன் அரசியல். சுந்தர ராமசாமியின் தொடக்ககாலக் கதைகள் சில அதில் வந்தன என்பதால் இலக்கிய வரலாற்றில் அதற்கு நிலையான இடமும் உண்டு. எனினும் அன்றைய அமைதி இயக்கத்தின் கண் ஒருபக்கம் மட்டுமே பார்த்தது என்பதை மறைப்பதற்கில்லை. அமெரிக்காவின் குண்டைக் கண்டித்த பேனாக்கள் சோவியத் குண்டைப் பற்றியும், 1956இல் ஹங்கேரியில் புகுந்த டாங்கிகளைப் பற்றியும் பொதுவாக மௌனம் காத்தன. இயக்கம் எதையும் சாராமல், போரை அருகிருந்து கண்ட அனுபவத்தின் பலத்தில் எழுதியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் பிறந்து இரண்டாம் உலகப்போரின்போது மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்த அவர், 1972இல் வெளிவந்த புயலிலே ஒரு தோணி நாவலில் ஜப்பானியப் படை நுழைந்த நகரத்தையும் இந்திய தேசிய ராணுவத்தையும் காட்டிய விதத்தில் வீரவழிபாடு மருந்துக்கும் இல்லை. அந்நாவல் அச்சேறவே பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

கோவூர் கிழாரின் நிலை, அதாவது ஒரே மொழி பேசும் மக்களிடையே ஆயுதம் ஏந்திய எல்லோருக்கும் எதிராக ஒரு கலைஞன் நிற்கும் நிலை, தமிழில் மீண்டும் முழுமையாகத் தோன்றியது ஈழத்தில். 1981 மே 31 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதையொட்டி எம். ஏ. நுஃமான் எழுதிய புத்தரின் படுகொலை, சிங்களப் பேரினவாதத்தை அது வணங்கும் புத்தரையே சாட்சியாக நிறுத்திக் கேள்வி கேட்டது. 1985இல் சேரன், அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராஜன் ஆகியோர் தொகுத்த மரணத்துள் வாழ்வோம், அடுத்த ஆண்டு பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட சொல்லாத சேதிகள் ஆகிய இரு தொகுப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடு இவ்வரலாற்றில் முக்கியமானது. முன்னதில் பெரிதும் ஒலிப்பது ஒடுக்கும் அரசுக்கு எதிரான சினம். பின்னது பெண்கள் மட்டுமே எழுதியது. வீட்டிலிருந்து புறப்பட்டுப் போகும் மகனையும் சகோதரனையும் பார்த்து நிற்போரின் பக்கத்திலிருந்தும் பேசத் தொடங்கியது. கதைப்பாடலில் கனவாக மட்டுமே இடம்பெற்ற குரல் இப்போது தன் பெயரில் அச்சாயிற்று.

அதற்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. 1980களின் பிற்பகுதியில் அரசுப்படை, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய எல்லாத் தரப்பும் துப்பாக்கியோடு நின்ற யாழ்ப்பாணத்தில், யாரை எதிர்த்து எழுதினாலும் மற்றவனின் ஆள் என்ற பழி காத்திருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியாயிருந்த சிவரமணி, 1991 மே 19 அன்று கைவசமிருந்த தம் கவிதைகளை எரித்துவிட்டுத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறரிடம் இருந்து தப்பியவையே பின்னர் நூலாயின. அதே பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றவரும் தோழி என்னும் இதழை நடத்தியவருமான செல்வி என்கிற செல்வநிதி தியாகராசாவை அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று விடுதலைப் புலிகள் கடத்திச் சென்றனர். எழுத்தாளர்களின் பன்னாட்டு அமைப்பான பென் 1992இல் அவருக்கு விருதளித்து விடுதலை கோரியும் அவர் திரும்பவில்லை. இளந்தத்தனுக்காக வாதாட உறையூர் அரசவையில் ஒருவர் இருந்தார், கேட்பதற்கும் ஒருவர் இருந்தார். செல்விக்காக உலகின் பல மூலைகளிலிருந்து பலர் வாதாடினார்கள்.

அந்த ஆண்டுகளில் நாடகம் வேறொரு பாதையைக் கண்டது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1985இல் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் ஊர் ஊராக மேடையேறிய மண் சுமந்த மேனியர் அரசியல் கொந்தளிப்பின் நாடகம்; சண்முகலிங்கமே 1990களின் தொடக்கத்தில் எழுதிய அன்னை இட்ட தீ, போர் ஏற்படுத்தும் உளக்காயங்களை எடுத்துக்கொண்டது. எந்தத் தரப்பையும் குற்றக்கூண்டில் ஏற்றாமல் பார்வையாளரின் உறக்கமின்மையையும் அச்சத்தையும் மேடையில் பெயரிட்டுச் சொன்ன அந்நாடகம், வெளிப்படையான எதிர்ப்பு இயலாத காலத்தில் போருக்கு எதிராக ஆற்றப்பட்ட செயலாகவே மதிக்கத் தக்கது. ஓவியத் துறையில் இதற்கு இணையானது தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட முடிவுறாத தோம்பு. தோம்பு என்பது போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் இலங்கையில் பேணிய காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தோர் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே வரைய, அதனைக் கட்டடக் கலைஞர் ஒருவர் அளவுபடுத்திய வரைபடமாக மாற்ற, அவற்றோடு ஓவியரின் சித்திரமும் சேர்ந்து அந்நூல் அமைந்தது. கிணறு எங்கே, மா எங்கே, சாமியறை எங்கே என்று குறிக்கும் அக்கோடுகளில் குண்டு விழுவதில்லை. கோடுகள் கோணிக் கிடப்பதும் சில அறைகளுக்கு அளவு மறந்துபோயிருப்பதும் மட்டுமே போரின் சுவடு.

சிங்களக் கலைஞர்களுள்ளும் துணைவஞ்சி பாடியோர் இருந்தனர். பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த பௌர்ணமி நாள் மரணம் பற்றிய திரைப்படத்தில், முத்திரையிட்டு வந்த சவப்பெட்டிக்குள் தன் மகன் இருக்கிறான் என்பதை நம்ப மறுக்கும் கண்பார்வையற்ற தந்தை ஒருவர் இழப்பீட்டுப் படிவத்தில் கைநாட்டு வைக்க மறுத்து, இறுதியில் புதைகுழியைத் தோண்டுகிறார். படையினரின் ஊக்கத்தைக் குலைக்கும் என்று கூறி இலங்கை அரசு 2000ஆம் ஆண்டில் அதன் திரையிடலைத் தடுத்தது. உச்சநீதிமன்றம் சென்று, 2001இல் தீர்ப்புப் பெற்ற பிறகே படம் வெளிவந்தது. 2003 அக்டோபரில், போர்நிறுத்தக் காலத்திலேயே, கொழும்பில் நடந்த சிங்கள-தமிழ்க் கலைக்கூடலுக்குள் வன்முறைக் கூட்டம் ஒன்று புகுந்து கலைஞர்களைத் தாக்கியது. தமிழ்நாட்டின் நடத்தையும் பெருமைப்படத் தக்கதாக இல்லை. முன்னாள் சிங்களப் படைவீரன் ஒருவனுக்கும் அவன் மணந்த தமிழ்ப் பெண்ணுக்கும் இடையில் போர் எழுப்பிய சுவரைப் பற்றி அதே விதானகே எடுத்த படம் 2014 ஜூனில் சென்னையில் திரையிடப்பட இருந்தபோது, இயக்குநர் சிங்களவர் என்ற ஒரே காரணத்தால் எதிர்ப்பு எழுந்து, மிரட்டலுக்கு அஞ்சித் திரையரங்கம் காட்சியை நீக்கியது. தம் நாட்டில் தமிழரின் ஆள் என்று ஐயுறப்பட்டவர் இங்கே சிங்கள அரசின் ஆளாகக் கருதப்பட்டார்.

அடுத்த பகுதி மீண்டும் காலவரிசைக்குத் திரும்பி, ஆளுநர் எட்வர்டு கிளைவ் 1801 டிசம்பர் முதல் நாளன்று வெளியிட்ட ஆயுத ஒழிப்புப் பிரகடனத்தையும், எஞ்சிய பாளையங்கள் 1803 முதல் ஜமீன்களாக மாற்றப்பட்டபோது பறிமுதலான ஏழாயிரம்பண்ணை முதலிய பாளையங்களின் நிலங்கள் யார் யார் கைக்குச் சென்றன என்பதையும் ஆராயும்.